சிட்டு கொடுத்த வாக்கு

பல்கீஸ் ஓசை எழாமல் வாழப் பழகியவள். முப்பத்தாறு வயதாகிய அவள், கதவைச் சாத்தும்போது தாழ்ப்பாளைக் கையிற் பிடித்து மெல்ல இறக்குவாள். தேநீர்க் கோப்பையைத் தட்டில் வைத்தாற் சத்தம் கேளாது. வேலைக்குப் புறப்படும் ஒவ்வொரு காலையிலும் தன் கண்ணாடி வளையல்கள் ஆறினையும் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து கைப்பைக்குள் வைப்பாள். மாலையில் வேலை முடிந்து வெளியே வந்த பின்னரே அவற்றை மீண்டும் அணிவாள்.

ஏன் அவ்வாறு செய்கின்றாள் என மூத்த மகள் ஷிஃபானா ஒருமுறை கேட்டதுண்டு. வேலை செய்யுமிடத்தில் வளையல் போடக்கூடாது என்று பல்கீஸ் சொன்னாள். அஃது உண்மையே, ஆயினும் முழு உண்மையன்று.

முழு உண்மையை இக்கதையைத் தொடர்ந்து வாசிப்போர் அறிவர். துறைமுகத்தைப் பார்த்த மேட்டில் இருக்கும் ‘தளிர்நடை’ சிறுவர் இயன்மருத்துவ நிலையத்தில், முழங்கால் உயரத்தில் வெண்ணிற றோபோ ஒன்று இருக்கின்றது. அது கை தூக்கும், குந்தி எழும், கால்களை மாற்றி மாற்றி வைக்கும். நடக்க இயலாத பிள்ளைகள் அதைப் பார்த்துத் தாமும் அவ்வாறே செய்து பழகுவர். சிட்டு என்பது பிள்ளைகள் அதற்கு இட்ட பெயர்.

வந்த புதிதிற் சிட்டின் தமிழ், வானொலியிற் செய்தி வாசிப்பது போன்றிருந்தது. பிள்ளைகள் சிரித்தார்களேயன்றி ஒருவரும் அதன் சொற்கேட்டுக் காலை அசைக்கவில்லை. ஆகவே, இயன்மருத்துவர் வினோஜன் வேறொரு வழி கண்டார். பின்னறையில் ஒருவர் கணினியின் முன் அமர்ந்து, சிட்டின் கண்ணிலுள்ள கமராவினூடாகப் பிள்ளையைப் பார்த்து, ஒலிவாங்கியிற் பேசுவார். அக்குரல் ஒரு சிறு பிள்ளையின் குரலாக மாறிச் சிட்டின் வாயிலிருந்து வெளிவரும். பிள்ளைகளுக்கு இது தெரியக்கூடாது என்பது நிலையத்தின் முதல் விதி.

முன்பள்ளி ஆசிரியையாக இருந்த பல்கீஸே அப்பின்னறையில் இருப்பவள். வளையல் ஓசை ஒலிவாங்கியில் விழுமென்பதனாலேயே அவற்றைக் கழற்றி வைக்கின்றாள். எட்டு மாதங்களாக, புதன்கிழமைதோறும் பத்து மணிக்குச் சிட்டின் முன் வந்து நிற்கும் பிள்ளைகளுள் அவளுடைய மகளும் ஒருத்தி. உம்மா அந்நிலையத்தின் அலுவலகத்திற் கோப்பு எழுதுகின்றாள் என்பதே ஷிஃபானா அறிந்தது.

வீட்டில் ஷிஃபானா ஒரு பயிற்சியும் செய்யமாட்டாள். பல்கீஸ் கெஞ்சினால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். சிட்டுச் சொன்னாற் செய்வாள். பகல் முழுவதும் சிட்டின் வாயாற் சிரித்துப் பேசிய பல்கீஸுக்கு, மாலையில் வீடு வந்தபோது பேசுவதற்குக் குரல் எஞ்சுவதில்லை.

“சிட்டு மாதிரிக் கதைக்க உங்களுக்குத் தெரியாதா உம்மா?” என்று மகள் ஒருநாட் கேட்டாள். பல்கீஸ் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு குசினிக்குள் சென்றுவிட்டாள்.

*

அன்றும் புதன்கிழமை. காலை ஏழு மணிக்கே ஜமாலியாவிலுள்ள அவர்கள் வீட்டுக்குக் கிண்ணியாவிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திறங்கினாள் பஹ்மியா. அவள் பல்கீஸின் கணவர் கலீலுர் றஹ்மானுக்கு மூத்த சகோதரி. துறைமுகத்தடியிற் படகு இயந்திரங்கள் திருத்தும் தம்பிக்கு, வாழ்க்கையையும் தானே திருத்திக் கொடுக்கவேண்டும் என்ற எண்ணம் அவளுக்கு எப்போதும் உண்டு.

வந்ததும் வராததுமாக, பாடசாலைக்குப் புறப்பட்டு நின்ற இளையவள் நுஸ்ராவை அணைத்து, “என்ட மருமகள் இண்டைக்கு வீட்டுக்காரியாகப் போறா,” என்றாள்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் அவள் ஷிஃபானாவையும் மருமகள் என்றே அழைத்தாள். இப்போது அழைப்பதில்லை. ‘அந்தப் புள்ள’ என்பாள். அந்தப் பிள்ளையோ நான்கு கால் ஊன்றியைப் பற்றிக்கொண்டு, வலக்காலில் முழங்காலுக்குக் கீழே காலைத் தாங்கும் பிளாஸ்ரிக் ஸ்பிளின்ற் மாட்டியவளாய், இரண்டு முழத் தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

பஹ்மியா சொன்ன வீடு பாலையூற்றில் எழுந்துகொண்டிருக்கும் வீடு. பல்கீஸின் தாய்வழி வந்த நிலம் அது. மூத்த மகள் பிறந்த ஆண்டிலேயே அவளுக்கென்று அத்திவாரம் வெட்டப்பட்டது. தாய்க்குப் பின் மகளுக்கென வீடு பெண்வழியாகச் செல்வது இப்பகுதியார் யாவரும் அறிந்த வழக்கம்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், ஏழு வயதுச் சிறுமியாயிருந்த ஷிஃபானா, தன் அறை எதுவென்று பார்ப்பதற்காக அந்த அரைச்சுவர்களுக்கிடையே ஓடினாள். அடுக்கி வைத்திருந்த சீமெந்துக் கற்கள் அவள்மீது சரிந்தன. இடுப்பும் தொடையும் முறிந்தன. இரு சத்திரசிகிச்சைகளுக்குப் பின்னரும் வலக்கால் மெலிந்தே போயிற்று. விடாது பயின்றால் நடக்கலாம் என்றார்கள் வைத்தியர்கள். எப்போது என்று ஒருவரும் சொல்லவில்லை.

வரும் வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வளை, அதாவது கூரையின் முகட்டு மரம், ஏற்றுவதாக ஏற்பாடு. எந்தப் பெண்ணுக்காக வீடு எழுகின்றதோ அவள் பெயரைச் சொல்லி இறைவனிடம் துஆக் கேட்டு வளை ஏற்றுவது அக்குடும்பத்தின் முறை. அதற்கு முன்னரே நிலத்தை நுஸ்ராவின் பெயருக்கு நன்கொடை உறுதிப் பத்திரமாக எழுதிவிடவேண்டும் என்று பஹ்மியா தம்பியின் மனத்தைக் கரைத்திருந்தாள். அன்று பின்னேரம் மூன்று மணிக்கு உறுதி எழுதும் நொத்தாரிசு குலசிங்கத்தின் அலுவலகத்தில் எல்லாம் ஆயத்தம். பல்கீஸின் கையொப்பம் மாத்திரமே வேண்டும்.

“மைனி, இதப் புள்ளைக்கு முன்னால கதைக்க வேணாம்,” என்றாள் பல்கீஸ் தாழ்ந்த குரலில்.

“ஏன்? அந்தப் புள்ளைக்குக் கால்தானே ஏலாது, காது நல்லாத்தானே கேக்குது,” என்றாள் பஹ்மியா. “கேக்கட்டும். நாளைக்கு ஊர் சொல்லிக் கேக்கிறத இண்டைக்கு மாமி சொல்லிக் கேட்டா நல்லம்.”

பின்னர், அவள் கதிரையில் அமர்ந்து, தேநீரை ஊதிக் குடித்தவாறே தன் நியாயத்தை விரித்தாள். வீட்டுக்காக ஒருவன் வருவான்; வீட்டோடு இவளை ஏற்பான்; மூன்றாம் மாதம் வீட்டை வைத்துக்கொண்டு இவளை மூலையில் தள்ளுவான்; தன் கணவரின் தங்கைக்கு நடந்தது இதுவே. தான் கொடியவள் என்று நினைப்பவர் நினைக்கட்டும்; எல்லாரும் நெஞ்சுக்குள் வைத்திருப்பதைத் தான் வாயாற் சொல்கின்றாள். அவ்வளவே வேற்றுமை.

மூலையில் தள்ளுவான் என்று அவள் கூறியது பல்கீஸின் நெஞ்சைத் தைத்தது. ஏனெனில் சென்ற புதன்கிழமை, வேலையால் வந்து களைத்துக் குசினியில் அடுப்படியில் நின்றபோது, பஹ்மியாவின் நச்சரிப்பைத் தாங்கமாட்டாமற் பல்கீஸே ஒரு வார்த்தை சொல்லியிருந்தாள். அவ்வார்த்தையைப் பற்றிக்கொண்டே இன்று உறுதி ஆயத்தமாயிற்று.

கலீலுர் றஹ்மான் வாசலில் நின்று சப்பாத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். சகோதரி பேசும்போது அவர் பேசுவதில்லை.

*

பத்து மணி. பல்கீஸ் பின்னறையில் ஒலிவாங்கியைச் சரிசெய்தாள். திரையில், பிடித்து நடக்கும் இணைக்கம்பிகளுக்கிடையே ஷிஃபானா வந்து நின்றாள். இடுப்பில் வார் கட்டியிருந்தது. அருகே வினோஜன் பதிவுத் தாளும் கையுமாக நின்றார். மூலையில் ஒரு கைக்கணினி பயிற்சியைப் படம் பிடித்துக்கொண்டிருந்தது.

கம்பியை விட்டுவிட்டு ஆறு அடி நடப்பதே அம்மாதத்து இலக்கு. இதுவரை அவள் ஓரடியும் வைத்ததில்லை.

“ஷிஃபா, வந்திட்டியா? என்ட பட்டரி நிறைஞ்சிருக்கு. உன்ட பட்டரி எப்பிடி?” என்றது சிட்டு.

வழக்கமாகச் சிரிப்பவள் அன்று சிரிக்கவில்லை. கம்பியைப் பிடித்தவாறே மெல்லக் கீழே அமர்ந்து, சிட்டின் முகத்துக்கு நேரே தன் முகத்தை வைத்தாள். வினோஜன் இரண்டடி பின்னுக்கு நகர்ந்தார். பிள்ளை சிட்டோடு பேச விரும்பினால் விலகி நிற்கவேண்டும் என்பது அவருடைய முறை.

“சிட்டு, உனக்கு வீடு இருக்கா?”

“அலுமாரி இருக்கு. நீலக் கதவு போட்டது.”

“அது உன்ட பேர்லயா இருக்கு?”

பல்கீஸின் விரல்கள் விசைப்பலகையில் நின்றுவிட்டன. சிட்டின் கைகளும் பாதி உயர்ந்த நிலையில் நின்றன.

“என்ட வீட்டத் தங்கச்சிக்கு எழுதப் போறாங்க,” என்றாள் ஷிஃபானா. “இண்டைக்குப் பின்னேரம். காலும் போச்சு, வீடும் போச்சு.”

யார் அப்படிச் சொன்னது என்று சிட்டுக் கேட்டது.

“மாமி எப்பவும் சொல்றதுதானே. மாமி சொன்னா எனக்கு ஒண்டுமில்ல. உம்மாவும் சொன்ன. ‘இவளுக்கெதுக்கு வீடு? படுக்க ஒரு மூலை இருந்தாப் போதும்’ எண்டு உம்மாதான் குசினிக்க நிண்டு சொன்ன. நான் நித்திரை எண்டு நினைச்சிருப்பா.”

அந்த வார்த்தைதான். ஓரெழுத்தும் மாறாமல், அதே களைப்போடும் அதே இழுப்போடும் ஒன்பது வயது வாயிலிருந்து வந்தது.

பிள்ளை மேலும் சொன்னாள். மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் அம்மாமாரும் உம்மாமாரும் பாயில் வந்து அமர்கின்றார்களாம்; திலக்சனின் அம்மா சாம்பல்தீவிலிருந்து இரண்டு பஸ் ஏறி வருகின்றாளாம்; தன் உம்மா இதே கட்டடத்தில் இருந்துகொண்டும் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லையாம்.

“நான் நடக்கிறதப் பாக்க உம்மாக்கு விருப்பமில்ல,” என்று முடித்தாள்.

பல்கீஸ் வாய் திறந்தாள். அவள் என்ன சொன்னாலும் அது சிட்டின் சொல்லாகவே போய்ச் சேரும். “நான் பாக்கிறன் ஷிஃபா,” என்றாள்.

ஷிஃபானா சிட்டின் அருகே இன்னும் நெருங்கினாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். இன்றைக்குக் கம்பியை விட்டுப் பார்க்கப் போகின்றாளாம். ஆனால் ஒரு நிபந்தனை உண்டாம்.

“நான் நடந்தா நீ எங்கட வீட்ட ஆருக்கும் சொல்லக்கூடாது. சொன்னா, வீடு போகுது எண்டதும் நடக்கிறாள், நடிப்புக்காரி எண்டு மாமி சொல்லுவா. எனக்கு வீட்டுக்காக நடக்க வேணாம். சும்மா நடக்கத்தான் ஆசை.”

“சொல்லமாட்டன்.”

“உம்மாக்கும் சொல்லக்கூடாது.”

“சொல்லமாட்டன். சிட்டு வாக்குக் குடுத்தா மாறாது.”

ஷிஃபானா எழுந்தாள். சிட்டுப் பின்வாங்கிக் கம்பிகளின் மறுமுனையில் நின்றது. அவள் கம்பியிலிருந்து இடக்கையை எடுத்தாள். பின்னர் வலக்கையையும் எடுத்தாள். ஒரு கணம் தனித்து நின்றாள். வலக்காலை முன்னே வைத்தபோது முழங்கால் மடிந்தது. வினோஜனின் கை வாரை எட்டுமுன் அவள் தலை கம்பியை நோக்கிச் சாய்ந்தது.

“பிஸ்மில்லாஹ்! என்ட கிளிக்குஞ்சு!”

எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் வரும் இடமாகையாற் சிட்டு எச்சமயச் சொல்லையும் உச்சரிக்கக்கூடாது என்பது விதி. எட்டு மாதங்களாகப் பல்கீஸ் அவ்விதியைக் காத்தாள். ஆனால் பிள்ளை தடுக்கி விழுந்தால் அவ்வூர்த் தாய் ஒருத்தியின் வாயில் முதலில் வருவது அச்சொல்லே. அதற்கு விதி தெரியாது. எந்திரம் அவள் குரலைத்தான் மாற்றியது. பதற்றத்தையும், ஷிஃபானா பிறந்த நாளிலிருந்து அவளொருத்திக்கே உரிய செல்லப் பெயரையும் அதனால் மாற்ற இயலவில்லை.

வினோஜன் வாரைப் பிடித்துவிட்டார். பிள்ளைக்கு அடிபடவில்லை. அவர் சிட்டை ஒருமுறை முறைத்துப் பார்த்தார்.

ஷிஃபானாவும் சிட்டைப் பார்த்தாள். “என்ன சொன்ன?” என்று கேட்டாள்.

“கவனம் எண்டு சொன்னனான்,” என்றது சிட்டு. பல்கீஸ் அவசரமாக ஒரு விசையை அழுத்த, அது கையை ஆட்டி நடனமாடிற்று. அந்த நேரத்தில் அந்த நடனம் மிகவும் அவலமாயிருந்தது.

திரையில் ஷிஃபானாவின் முகம் நெடுநேரம் நின்றது. அவள் எதையோ ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்கின்றாள் என்பது பல்கீஸுக்குத் தெரிந்தது. தான் சிட்டிடம் சொன்ன எட்டு மாதத்து இரகசியங்கள் எல்லாம் யாரிடம் சென்றன என்பதை அப்பிள்ளை அப்போது விளங்கிக்கொண்டாள். அழவில்லை. முகத்தில் வந்தது அழுகையன்று.

அவள் வினோஜனின் கையை விலக்கினாள். கம்பியைத் தொடவில்லை. ஓரடி வைத்தாள். பிறகு இன்னோரடி. வினோஜன் பழக்கத்தால் உரக்க எண்ணத் தொடங்கினார். மூன்று, நான்கு. வலக்கால் தரையில் இழுபட்டது. பல்லைக் கடித்து அதனைத் தூக்கினாள். ஐந்து, ஆறு. திரையில் அவள் உருவம் பெருத்துப் பெருத்து வந்தது. பல்கீஸ் கதிரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

ஏழு.

இரு சிறு கைகள் கமராவை மறைத்தன. சிட்டின் உடல் சுழன்றது. பின்னர்த் திரையில் ஒரு வெள்ளைச் சுவரும் அதிற் பழைய ஆணித் துளையொன்றுமே தெரிந்தன.

*

வினோஜன் பின்னறைக்கு ஓடி வந்தார். முகமெல்லாம் வேர்வை, கண்ணிலே மகிழ்ச்சி. விதியை மீறியதற்காக முதலிற் கண்டித்தார். அக்கண்டிப்பு அவருக்கே நிலைக்கவில்லை.

“ஏழு அடி அக்கா. வீடியோவை உங்கட போனுக்கு அனுப்புறன். எட்டு மாசமாச் சிரிக்க வைச்சும் நடக்காத பிள்ளை, கோபத்தில நடந்திட்டுது.” சற்றே தயங்கி, நாடியைத் தடவிக்கொண்டு கேட்டார்: “அடுத்த கிழமையும் அவவுக்கு ஒரு சின்னக் கோபம் வாற மாதிரிச் செய்ய ஏலுமோ?”

அவர் கெட்டவரல்லர். தாளில் எழுதுவதற்கு ஓர் எண் கிடைத்த மகிழ்ச்சியில் இருந்தார். பல்கீஸ் அவரை நிமிர்ந்து பார்த்து, மகள் எங்கே என்று மட்டும் கேட்டாள்.

பாயிற் சுவரைப் பார்த்து அமர்ந்திருக்கின்றாளாம். வாப்பா வந்து கூட்டிச் செல்லும்வரை ஒருவரும் தன்னருகில் வரக்கூடாதென்று சொல்லிவிட்டாளாம்.

*

பின்னேரம் நால்வரும் ஒரே முச்சக்கர வண்டியில் நீதிமன்றப் பக்கம் சென்றனர். பஹ்மியா நடுவில் அமர்ந்திருந்தாள். ஷிஃபானா தகப்பனின் மடியிற் சாய்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பல்கீஸ் அவளுடைய ஸ்பிளின்ற்றின் வாரைச் சரிசெய்யக் கை நீட்டியபோது அவள் காலை இழுத்துக்கொண்டாள். வலித்திருக்கும், ஆயினும் இழுத்துக்கொண்டாள்.

போகும் வழியில், கலீலுர் றஹ்மான் அன்று முதன்முறையாக ஒரு நீண்ட வசனம் பேசினார். இன்றைக்குத் தன் ராத்தா பஹ்மியாவின் முகத்தை முறிக்கும்படி ஏதேனும் நடந்தால், நுஸ்ராவைப் பின்னேர வகுப்பிலிருந்து கூட்டிக்கொண்டு நேரே கிண்ணியாவுக்குப் போய்விடுவதாகச் சொன்னார். ஜமாலியா வீடு பல்கீஸின் வீடு. அவள் அதில் இருக்கட்டும். தன்னைத் தேட வேண்டாம். இதனைக் கோபமின்றி, இயந்திரத்தின் பழுதைச் சொல்வது போலவே சொன்னார்.

குலசிங்கத்தின் அலுவலக வாசலில், அந்நகர்த் தெருக்களில் திரியும் மான்களுள் ஒன்று நின்று கடதாசிப் பையொன்றை மென்றுகொண்டிருந்தது. முச்சக்கர வண்டிக்காரர் சூவென்று விரட்டியும் அது விலகவில்லை. கலீலுர் றஹ்மான் மகளைத் தூக்கிக்கொண்டு அதனைச் சுற்றி உள்ளே போனார்.

நொத்தாரிசு முதியவர், எதனையும் வாசித்துக் காட்டாமற் கையொப்பம் வாங்காதவர். உறுதியை முழுவதும் வாசித்தார். எல்லைகள், நிலத்தின் அளவு, நன்கொடை கொடுப்பவர் பெயர், பெறும் பிள்ளையின் பெயர். நுஸ்ராவின் பெயர் வந்தபோது பல்கீஸ் மூத்தவளைப் பார்த்தாள். ஷிஃபானா மேசை விளிம்பை நகத்தாற் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

“விளங்கினதோ தங்கச்சி? விரும்பித்தானே வைக்கிறியள்?” என்று கேட்டுப் பேனையை நீட்டினார் குலசிங்கம்.

பல்கீஸ் பேனையை வாங்கினாள். கைப்பைக்குள் தொலைபேசி அதிர்ந்தது. வினோஜன் அனுப்பிய வீடியோவாக இருக்கும் என்று நினைத்தாள். அந்நினைவே அவளைத் தவறச் செய்தது.

கணவரின் பக்கம் திரும்பி, “இஞ்ச, ஷிஃபானா இண்டைக்கு நடந்தவள்,” என்றாள். “கம்பியும் பிடிக்காம ஏழு அடி நடந்தவள். இனி நடப்பாள். இத இண்டைக்கு எழுத வேணாம்.”

கலீலுர் றஹ்மான் எழுந்தே விட்டார். அவர் முகத்தில் தோன்றியதைப் பல்கீஸ் இரண்டு ஆண்டுகளாகக் கண்டதில்லை. “உண்மையாவா?” என்றார்.

பஹ்மியா அசையவில்லை. “ஏழு அடி வச்சா குசினி வாசல் வரைக்கும் வரலாம்,” என்றாள். “வீடு போகுது எண்டதும் காலுக்கும் உயிர் வந்திட்டுதாக்கும். சரி, நடக்கட்டுமே. இந்தா மேசை, அந்தா கதவு. எல்லாரும் பாப்பம்.”

எல்லாரும் ஷிஃபானாவைப் பார்த்தார்கள். நொத்தாரிசும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

அவள் தாயைப் பார்த்தாள். காலையில் விழப்போன பின் சிட்டைப் பார்த்த அதே பார்வை. ‘உம்மாக்கும் சொல்லக்கூடாது’ என்று அவள் கேட்டதும், ‘சொல்லமாட்டன்’ என்று சிட்டுச் சொன்னதும் அவ்விருவருக்கு மட்டுமே தெரியும். மாலை வரையேனும் அவ்வாக்கு நிலைக்கவில்லை.

“நான் நடக்கல்ல,” என்றாள் ஷிஃபானா தெளிவாக. “எனக்கு நடக்க ஏலாது வாப்பா. உம்மா பொய் சொல்றா.”

கலீலுர் றஹ்மான் எழுந்தவர் மீண்டும் அமர்ந்தார். மெல்ல, கிழவரைப்போல அமர்ந்தார். மனைவியைப் பார்க்கவில்லை.

பஹ்மியா சிரித்தாள். சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். “பெத்த புள்ளைட கால விளம்பரம் பண்ணி ஒரு வீட்டக் காப்பாத்தப் பாக்கிறாளே,” என்று நொத்தாரிசிடம் முறையிட்டாள்.

வீடியோ கைப்பைக்குள் இருந்தது. எடுத்து மேசையில் வைத்தாற் போதும். ஒரு நிமிடத்தில் யார் பொய்யர் என்பது எல்லாருக்கும் தெளிவாகிவிடும். பல்கீஸின் கை பையின் வாரைத் திறந்தது. உள்ளே கைக்குட்டை முடிச்சு விரலிற் பட்டது. அன்று வேலை முடிந்து வெளியே வந்தபோது வளையல்களை அணிய மறந்திருந்தாள்.

அவள் தொலைபேசியைத் தொடவில்லை. முடிச்சை அவிழ்த்து, வளையல்களை ஒவ்வொன்றாகக் கையில் ஏற்றினாள். ஆறும் ஒன்றோடொன்று மோதி அவ்வமைதியான அறையில் ஓசையெழுப்பின. யாருக்கும் அதன் பொருள் விளங்கவில்லை. ஷிஃபானா மட்டும் மேசையைச் சுரண்டுவதை நிறுத்தினாள்.

“ஓம்,” என்றாள் பல்கீஸ். “நான் பொய்தான் சொன்னனான். அவள் நடக்கல்ல.”

“அப்ப வை கையொப்பத்த,” என்றாள் பஹ்மியா.

பல்கீஸ் பேனையை மூடி, உறுதித் தாளின்மேற் குறுக்காக வைத்தாள். கலீலுர் றஹ்மான் நிமிர்ந்து, யோசித்துத்தான் செய்கின்றாயா என்று கேட்டார். வரும் வழியில் வண்டிக்குள் சொன்னதை அவர் திருப்பிச் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இருக்கவில்லை. நுஸ்ராவின் வகுப்பு விடும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

“யோசிச்சிட்டன்,” என்றாள் அவள், எவர்மீதும் கோபமில்லாத குரலில். “அவள் நடக்காட்டியும் அது அவள்ட வீடு. வெள்ளிக்கிழமை ஷிஃபானாட பேர் சொல்லி வளை ஏத்துங்க. இல்லாட்டி அந்த வீட்டுக்குக் கூரை வேணாம். நான் கையொப்பம் வைக்கமாட்டன்.”